சலூன் நாற்காலியில் இறங்கும் பாரம்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இரண்டு இடங்கள் எப்போதும் களைகட்டியிருக்கும். ஒன்று தேவாலயம். இன்னொன்று சலூன். அங்கே போகிறவர்கள் முடி வெட்டிக்கொள்ள மட்டும் போவதில்லை. கூடைப்பந்து, அரசியல், வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். அப்பாவுக்கு முடி வெட்டியவரே மகனுக்கும் வெட்டுவார். வருஷக்கணக்கில் அதே நாற்காலி, அதே கை.

அப்படிப் பழகியவருக்கு, வந்து உட்கார்ந்தவரின் முகம் வாடியிருப்பது தெரியாமலா போகும்?

இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 'தி கன்ஃபெஸ் ப்ராஜெக்ட்' என்ற அமைப்பு. அர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 2016-ல் இதைத் தொடங்கியவர் லோரென்ஸோ லூயிஸ். தாய் சிறையில் இருந்தபோது பிறந்தவர். மனச்சோர்வும் பதற்றமும் எப்படி இருக்கும் என்று தானே அனுபவித்து அறிந்தவர். அத்தையின் சலூனைப் பார்த்து வளர்ந்ததால், மனிதர்கள் எங்கே மனம் திறப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த அமைப்பு முடிதிருத்துநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. குறுக்கே பேசாமல் காது கொடுத்துக் கேட்பது, 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று தள்ளிவிடாமல் அந்த வலியை ஒப்புக்கொள்வது, நம்பிக்கை தரும்படி பேசுவது, மனநலப் பிரச்னை என்றாலே அவமானம் என்ற எண்ணத்தைப் போக்குவது. பாடம் இந்த நான்கும்தான். பல நகரங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தப் பயிற்சியை முடித்திருக்கிறார்கள்.

மருத்துவமனை இருக்க, சலூன் எதற்கு?

பதில் பழைய கதையில் இருக்கிறது. 1851-ல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், எஜமானனிடமிருந்து தப்பி ஓடும் அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருக்கிறது என்று எழுதினார். அதற்கு 'டிரேப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். அவர் சொன்ன மருந்து, சவுக்கடி! விடுதலையை விரும்புவதையே வியாதி என்றது அன்றைய மருத்துவம்.

அடுத்த நூற்றாண்டிலும் நிலைமை மாறிவிடவில்லை. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரை வைத்து அரசு சுகாதாரத் துறையே ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் நோய். பென்சிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நோய் முற்றினால் என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள்.

இந்த நினைவுகள் குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. இனவெறிக்குத் துணை போனதற்காக அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் மன்னிப்புக் கேட்டதே 2021-ல்தான். ஒரே மாதிரி அறிகுறிகளோடு வந்தாலும், கறுப்பினத்தவருக்கு மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டு மனச்சிதைவு என்று முடிவுகட்டுவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நாட்டு மக்களில் 100-க்கு சுமார் 13 பேர் கறுப்பினத்தவர். உளவியல் நிபுணர்களிலோ 100-க்கு சுமார் 5 பேர்தான். தன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு.

வீட்டுக்குள்ளும் ஒரு பூட்டு

வெளியே அவநம்பிக்கை என்றால் உள்ளே மௌனம். ஆண் அழக்கூடாது. பெண் எதையும் தாங்க வேண்டும். 'நம் முன்னோர் அடிமைத்தனத்தையே கடந்து வந்தார்கள், உனக்கென்ன குறை?' என்ற கேள்வி வேறு. ஜெபம் செய்தால் போதும் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. ஜெபம் ஆறுதல் தரும்தான். ஆனால் சிகிச்சையும் தேவைப்படும் நேரத்தில் அது மட்டும் போதாது.

இந்தப் பூட்டை உடைத்தவர்களில் ஒருவர் நாவலாசிரியை பீபி மூர் கேம்ப்பெல். அவருடைய குடும்பத்தில் ஒருவருக்கு பைபோலார் பாதிப்பு. ஊர் என்ன சொல்லுமோ என்று முதலில் வாய் திறக்காமல் இருந்தவர், பிறகு தன்னைப் போலவே தவித்த குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 'நாமி' என்ற மனநல அமைப்பின் கிளையைத் தொடங்கினார். '72 ஹவர் ஹோல்ட்' என்ற அவரது நாவல், நோயுற்ற மகளுக்காக ஒரு தாய் படும் பாட்டைச் சொல்வது. 2006-ல் அவர் காலமானார். 2008 முதல் அமெரிக்காவில் ஜூலை மாதம் அவர் பெயராலேயே சிறுபான்மை மக்களின் மனநல விழிப்புணர்வு மாதமாக அனுசரிக்கப்படுகிறது.

பாட்டிகளின் பெஞ்ச்

நம்பிக்கை இருக்கும் இடத்துக்கே உதவியைக் கொண்டுபோனால் பலன் கிடைக்குமா? ஆப்பிரிக்காவில் இருக்கும் ஜிம்பாப்வே இதற்கு விடை சொல்கிறது.

அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாததால்தான் அவர் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. அவர்கள் நம்மிடம் வர முடியாவிட்டால் நாம்தான் போக வேண்டும் என்று முடிவெடுத்த சிபாண்டா, 2006-ல் தலைநகர் ஹராரேயின் எம்பாரே பகுதியில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மர பெஞ்ச். கஷ்டத்தோடு வருபவர் பக்கத்தில் பாட்டி உட்கார்ந்து கேட்பார். பாட்டிகள் 'டிப்ரஷன்' என்றெல்லாம் சொல்வதில்லை. அவர்களுடைய ஷோனா மொழியில் அதற்கு 'குஃபுங்கிசிசா' என்று பெயர். அளவுக்கு மீறி யோசித்து யோசித்து மாய்வது என்று அர்த்தம்.

2016-ல் வெளியான ஆய்வு 573 பேரைக் கவனித்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பாட்டிகளிடம் பேசியவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் இருந்தன. இன்று இந்த பெஞ்ச் வேறு நாடுகளுக்கும் போயிருக்கிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலும் தாத்தா பாட்டிகள் இதற்கெனப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

சலூன்காரரோ பாட்டியோ மருத்துவருக்கு மாற்று ஆகிவிட மாட்டார்கள். தூக்கம் போய், சாப்பாடு போய், உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் சேர்ப்பதும் பயிற்சியில் ஒரு பகுதி. அமெரிக்காவில் 2022 ஜூலை முதல் 988 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரமும் பேச ஆள் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணை அழுத்தவும் ஒரு தைரியம் வேண்டுமே? பக்கத்தில் இருப்பவர் கொடுப்பது அந்தத் தைரியத்தைத்தான்.

எம்பாரேயில் முதலில் அதற்கு 'மனநல பெஞ்ச்' என்றுதான் பெயர். அந்தப் பெயரைப் பார்த்து யாரும் வந்து உட்காரத் துணியவில்லை. மாற்றச் சொன்னவர்கள் பாட்டிகள்தான். 'நட்பு பெஞ்ச்' என்று எழுதினார்கள். பெஞ்ச் அதேதான், பாட்டிகளும் அதே பாட்டிகள்தான். ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.