ஏட்டில் இல்லையாம், எனவே எவனோ கண்டதாம்!

கச்சிராயபாளையம் கடந்து, கல்வராயன் மலையேறி, வெள்ளிமலை வரை சென்று வந்தோர் உங்களிலே பலர் இருப்பீர்கள். எந்தப் பச்சிலை புண்ணை ஆற்றும், எந்த வேர் காய்ச்சலைத் தணிக்கும், கடுக்காயை எதனோடு சேர்க்கலாம், எதனோடு சேர்க்கலாகாது என்பதையெல்லாம் அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் – மலையில் வாழ்வதால் அப்பெயர் பெற்றவர்கள், கேரளத்தார் அல்லர் – பாட்டன் வாய்மொழியாகக் கேட்டு அறிந்தவர்கள். 1976 வரை ஜாகீர்தாரர் பிடியிலே கிடந்த மலை அது. பள்ளியே எட்டிப் பாராத இடத்தில் ஏடு எங்கே, எழுத்தாணி எங்கே!

ஏடு இல்லாமையால் என்ன கெட்டது என்கிறீர்களா? மஞ்சளின் கதையைக் கேளுங்கள்.

1995-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. எதற்கு? காயத்தை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்துவதற்கு! நம் வீட்டு அடுப்பங்கரையிலே, அரிவாள்மணை விரலைப் பதம் பார்த்தவுடன் அன்னை அள்ளி அப்பும் மஞ்சள், அங்கே 'புதுக் கண்டுபிடிப்பு' ஆயிற்று! இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து மனுச் செய்தது. 'எங்கள் தாய்மார் அறிவர்' என்று சொன்னால் போதுமா? போதாது! வெளிநாட்டு வழக்கத்தை வாய்மொழியாகச் சொன்னால் ஏற்பதில்லை, அச்சில் ஏறியிருந்தால் மட்டுமே ஏற்போம் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். 2013-இல்தான் அந்த விதி மாறிற்று. ஆகவே தேடினார்கள். வடமொழிச் சுவடி, உருது நூல், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரை என 32 சான்றுகளை அடுக்கினார்கள். 1997-இல் காப்புரிமை பறிபோயிற்று.

வேம்புக்கும் அதே கதிதான். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-இல் அமெரிக்க நிறுவனத்துக்கும் அந்நாட்டு வேளாண் துறைக்கும் வழங்கியதை 2000-இல் நீக்கியது. மேல்முறையீடு 2005-இல் தள்ளுபடி ஆனது. ஒரு வேப்பெண்ணெய்க்காகப் பத்தாண்டு வழக்கு!

இந்தப் பாடத்திலே பிறந்ததுதான் 2001-இல் தொடங்கிய மரபு அறிவு மின்னணு நூலகம். ஆயுர்வேதம், யுனானி மட்டுமன்றி, நம் சித்த மருத்துவ நூல்களும் அதில் ஏறின. ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இசுபானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் அயல்நாட்டு ஆய்வாளர் தேடிப் பார்க்கலாம். நல்ல பணிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது நூலில் உள்ளதைத் தொகுத்த நூலகம். வெள்ளிமலைக் கிழவியின் நினைவில் உள்ளதை எந்தக் கணிப்பொறி தேடும்?

இந்தியச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, உள்ளூர்ச் சமூகமோ பழங்குடிச் சமூகமோ வாய்மொழியாக அறிந்திருந்தாலும் அதனைக் காட்டி எதிர்க்கலாம் என்கிறது. காப்புரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்க்கலாம். எவரும் என்றால், நீங்களும்தான், கடுக்காய் பொறுக்கும் அந்த மலைமகளும்தான். ஆனால் எந்த விண்ணப்பம் எப்போது வெளியாகிறது என்பதை அவளுக்கு யார் சொல்வார்?

இங்கேதான் சிக்கல். எழுதி வைத்தால் திருட்டைத் தடுக்கலாம், உண்மை. 2023-இல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தைத் திருத்தினார்களே, அதன்படி நூலில் தொகுக்கப்பட்ட மரபறிவைக் கையாளும் நம் நாட்டு நிறுவனங்கள் பயனில் பங்கு தரவேண்டியதில்லை! எழுதாவிட்டால் அறிவே பறிபோகும் ஆபத்து, நூலாக்கிவிட்டாலோ பங்கு பறிபோகும் ஆபத்து! அறிவைக் காத்தவனுக்கு இருபுறமும் இடி! 2024 மே மாதம் செனீவாவிலே உலக நாடுகள் கூடி, மரபறிவின் தோற்றிடத்தைக் காப்புரிமை விண்ணப்பத்தில் சொல்லியாகவேண்டும் என உடன்படிக்கை செய்தன. தோற்றிடத்தைச் சொல்வது வேறு, உரியவனுக்குக் கூலி கொடுப்பது வேறு என்பதை நாம் மறக்கலாகாது.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பதிவேடு எழுதச் சொல்கிறது. அந்தக் குழுவிலே மலை வைத்தியருக்கு இடம் வேண்டும். எதைப் பதிவது, எதை மறைவாக வைப்பது என்பதை அவர்களே முடிவுசெய்ய வேண்டும். பங்கு மறுக்கும் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும். இவை நாம் கேட்பவை.

கள்ளக்குறிச்சித் தோழர்களே! அடுத்தமுறை மலையேறும்போது, ஊராட்சி அலுவலகத்திலே அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால், அதை மலைமக்களிடம் கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுத்திலே கேட்டு, வரும் பதிலை நம் அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.