கருவி வந்தது, பயிற்சி வந்ததா?



இம்மாதம் ஆசிரியைகளைப் பற்றிப் பேசுவோம். உங்களில் பலர் ஆசிரியைகள். ஏனையோர் தம் பிள்ளைகளை ஆசிரியைகளிடம் ஒப்படைத்திருக்கும் தாய்மார். எனவே விடயம் இரு சாராருக்கும் உரியதே.

2020 மார்ச்சில் கொரோனாவினால் நமது பாடசாலைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வகுப்பறை திடீரெனக் கையடக்கத் தொலைபேசிக்குள் வந்து சேர்ந்தது. ஆசிரியை குறிப்பைப் புகைப்படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். பிள்ளை அதைக் கொப்பியில் பார்த்தெழுதியது. உம்மா அந்தக் கொப்பியைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினார். இதில் கற்பித்தல் எங்கே நடந்தது? ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். கரும்பலகையின் முன் இருபது வருடம் நின்றவரை இதற்கென்று யார் ஆயத்தப்படுத்தினார்கள்? கல்வியமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் மும்மொழியிலும் பாடங்கள் இருக்கின்றன. ஆனால் அதிலொன்றை நாளைய பாடத்தின் எந்த இடத்தில், எதற்காகச் சேர்ப்பது என்பதைத் தளம் சொல்லித் தராது.

பெரு நாட்டில் "ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணனி" என்ற திட்டத்தில் இலட்சக்கணக்கான கணனிகளைப் பகிர்ந்தளித்தார்கள். கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகள் 319ஐ ஆராய்ந்து, அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கி 2012இல் முடிவை வெளியிட்டது. பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. கணிதத்திலும் மொழியிலுமோ மாற்றம் எதுவும் தென்படவில்லை. ஆசிரியர்களுக்கென ஏற்பாடாகியிருந்த பயிற்சி 40 மணித்தியாலங்கள்தான். தையல் பழகவே அது போதுமா, சொல்லுங்கள்!

எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி அவர்கள் 1961இல் குர்ஆன் முழுவதையும் ஒலிப்பதிவு செய்தார்கள். பின்னர் அப்படிப்பட்ட ஓதல்கள் கெசட்டாக நம் வீடுகளுக்கும் மத்ரஸாக்களுக்கும் வந்தன. பெரிய நிஃமத்துதான். ஆயினும் 'ழாத்' எழுத்தைப் பிள்ளை நாவின் எப்பக்கத்தால் மொழிகிறது என்று கெசட் பார்க்காது. உஸ்தாத் நாடாவை நிறுத்தி, பிள்ளையை ஓதச் சொல்லி, திருத்தி, மீண்டும் ஓடவிடுவார். எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பதே ஆசிரியரின் வேலை. விஞ்ஞான ஆசிரியை காணொளியொன்றைக் காட்டும்போதும் இதே கதைதான். நீர் ஆவியாகுமுன் நிறுத்தி, "இனி என்ன நடக்கும்?" என்று கேட்டால் அது பாடம். முழுவதையும் ஓடவிட்டு மேசையில் புள்ளி போட்டுக்கொண்டிருந்தால் அது படம் காட்டல்.

நமது செயலமர்வுகள் பலவற்றில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு மாலைத் தேநீர் வந்துவிடுகிறது. 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நுண்கற்பித்தல் என்றொரு முறையை ஆரம்பித்தார்கள். பயிலுநர் ஒரு சிறு பகுதியைச் சில நிமிடம் கற்பிப்பார். அதைப் பதிவு செய்து, பார்த்து, குறை கண்டு, மறுபடி கற்பிப்பார். அன்று அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. இன்று உங்கள் கைப்பையிலுள்ள தொலைபேசி போதும். கல்வியியற் கல்லூரிகளின் மூன்று வருடப் பயிற்சியில் இறுதி வருடம் பாடசாலையில்தான் கழிகிறது. இதைப் பழக அதைவிட நல்ல இடம் எது?

"எங்களைப் பதிவு செய்வதா?" என்று சில சகோதரிகள் தயங்குவது நியாயமே. முகம் தேவையில்லை. தாளில் எழுதும் கையும் குரலும் போதும். பார்த்த பின் அழித்துவிடலாம். தாய்மாரே, ஆசிரியை பிள்ளைகளுக்கென அனுப்பும் பாடத்தை அவருடைய அனுமதியின்றி வேறு குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பயத்தினாலேயே பதிவு செய்வதைக் கைவிட்டோர் உண்டு.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஸ்மார்ட் போர்ட் வாங்கப் பணம் சேர்க்கும் பேச்சு வந்தால், தயங்காமல் எழுந்து கேளுங்கள்: இதைப் பாவிக்கப் போகும் ஆசிரியைகள் யார், அவர்கள் பழகுவதற்கு நேரசூசியில் எத்தனை பாடவேளை ஒதுக்கியிருக்கிறீர்கள், பழுதானால் யாரை அழைப்பது? பதில் கிடைத்த பின் பணத்தைக் கொடுங்கள்.