நிறையும் திணிவும்

ஒரு சொல் பல பொருள் தருதல் மொழிக்கு வளமாகும். நிகண்டு நூலார் அத்தகைய சொற்களைத் தனியே தொகுத்துப் போற்றினர். புலவன் விரும்பும் இவ்வளத்தை விஞ்ஞானி வேண்டான். அவனுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே தேவை. இவ்விரு நெறியும் மயங்குமிடத்து இடர்ப்படுவோர் மாணவரே.

அண்மையில் மாணவனொருவன் எமது பாடநூலையும் தமிழகத்து நூலொன்றையும் ஒருங்கே கொணர்ந்து, “ஐயா, இவற்றுள் எது பிழை?” என வினவினான். ஒன்றிலே நிறை நியூற்றனிலும் மற்றதிலே கிலோகிராமிலும் கூறப்பட்டிருந்தது. யான் விஞ்ஞானம் கற்பிப்பவனல்லன். ஆயினும் வினா சொல்லைப் பற்றியதாகலின் விடையிறுத்தல் என் கடனாயிற்று.

ஒரு பொருளில் அடங்கிய சடத்தின் அளவு திணிவு. அப்பொருளைப் புவி இழுக்கும் விசை நிறை. இஃது எம்மவர் வழக்கு. தமிழகத்தாரோ முன்னையதை நிறை என்றும் பின்னையதை எடை என்றும் வழங்குவர். 60 கிலோகிராம் திணிவுடைய ஒருவர் சந்திரனுக்குச் சென்றாலும் அத்திணிவு மாறாது. ஆனால் இங்கே ஏறக்குறைய 590 நியூற்றனாகிய அவர் நிறை அங்கே ஆறிலொரு பங்காகக் குறைந்துவிடும். கடைத்தெருவிலே இரண்டையும் நிறை என்றே சொல்கிறோம். அதனால் வணிகத்துக்கு இழுக்கில்லை. பரீட்சை மண்டபத்திலோ இம்மயக்கம் புள்ளியைப் பறித்துவிடும்.

கதியும் வேகமும் இத்தகையனவே. விளையாட்டு மைதானத்தை ஒருமுறை சுற்றி 400 மீற்றரை 50 செக்கனில் ஓடி, தொடங்கிய இடத்துக்கே மீளும் வீரனின் சராசரிக் கதி செக்கனுக்கு 8 மீற்றர். அவனது சராசரி வேகமோ பூச்சியம், இடப்பெயர்ச்சி இல்லையன்றோ! தமிழகத்திலே எமது கதிக்கு வேகம் என்றும் எமது வேகத்துக்குத் திசைவேகம் என்றும் பெயர். ஆங்கு அவ்வீரனின் வேகம் 8 என்பதே சரியான விடையாம்.

ஆதலின் எந்நூலும் பிழையன்று. ஒரு நாட்டார் சொல்லை மற்றவர் பழித்தல் வீண் பூசல். தமிழர் யாவர்க்கும் பொதுவான கலைச்சொற்கள் அமைதல் நன்று. அது கைகூடுங்காறும், சொல்லை மட்டும் நெட்டுருப் பண்ணுவியாது, பொருளையும் அலகையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். அலகே சொல்லின் பொருளுக்குச் சான்று: நியூற்றன் எனின் விசை, கிலோகிராம் எனின் திணிவு. இப்பணி விஞ்ஞான ஆசிரியரை மட்டும் சார்ந்ததன்று. தமிழாசிரியரும் இதிற் பங்குகொள்ளல் வேண்டும்.

பழைய மாணவர்காள்! இவ்விழாக் காலத்திலே கல்லூரி நூலகத்துக்குத் தமிழகத்து விஞ்ஞான நூல்களை உவந்தளிக்க முன்வந்துள்ளீர்கள். அந்நூல் ஒவ்வொன்றின் முகப்பிலும் இருநாட்டுச் சொற்களையும் ஒப்பிட்டுக் காட்டும் ஒற்றைத் தாளொன்றை ஒட்டி அளிப்பீராக. நூலின் விலையோடு நோக்கின் அத்தாளின் செலவு அற்பம். ஆயினும் அஃதின்றேல் நீவிர் அன்போடு ஈந்த நூலே ஓர் ஏழை மாணவனை இடறச் செய்தல் கூடும்.