போர்வை வேண்டாம், ரம்பம் வேண்டும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அன்று மாலைக்குள் பினாங்குத் தமிழர்களின் கைப்பேசிகளில் படங்கள் வந்து குவிந்துவிட்டன. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை என்று எந்தப் பக்கத்துப் படத்தைப் பார்த்தாலும் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது.

அந்த ஊர்ப் பெயர்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு வந்து முதலில் இறக்கிவிட்ட துறைமுகம் பினாங்குதான். அந்தக் கப்பலில் வந்த தாத்தாவின் ஊர் இன்னமும் பல வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் அச்சாகிறது. ஆகவே உடனே வசூல் தொடங்கியது. போர்வை, பால்மாவு, பழைய சேலை என்று பெட்டிகள் நிரம்பின. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு, 2017 நவம்பர் 4, 5 தேதிகளில், பினாங்கே வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. வாங்குகிற பக்கத்தில் நின்ற அனுபவம் எங்களுக்கும் உண்டு. தண்ணீர் வடிந்த பிறகு மண்டபங்களில் யாருக்கும் ஆகாத பழந்துணி மலைபோல் கிடந்ததை இங்கே பலரும் பார்த்திருக்கிறார்கள்.

அதை மறக்காத ஒருவர் எங்களிடையே இருந்தார். செபராங் பிறைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்ற அண்ணன். பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டுப் பேராவூரணிப் பக்கம் இருக்கும் தன் பங்காளி வீட்டுக்குப் போன் போட்டார். அங்கிருந்து வந்த பதிலை எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். "போர்வையெல்லாம் வேணாம்ணே, வேண்டிய மட்டும் வந்துருச்சு. வயல்ல விழுந்த மரம் அப்படியே கிடக்கு. அறுக்க மிஷின் இல்ல, இழுக்க ஆளில்ல."

கல்லணைக் கால்வாயின் கடைமடை அது. காவிரித் தண்ணீரை நம்பி நெல் போட்டு, தண்ணீர் வராத ஆண்டுகளில் நொந்துபோய், ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தென்னைக்கு மாறிய குடும்பங்கள் அங்கே ஏராளம். நெல் போனால் ஒரு போகம் போகும். தென்னை போனால்? நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். காய்க்கத் தொடங்கினால் அறுபது ஆண்டுக்குக் குறையாமல் சோறு போடும். மகள் கல்யாணம், மகன் படிப்பு எல்லாம் அந்த மரத்தின் மேல் போட்ட கணக்கு. தமிழக அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அறுத்து, இழுத்து, அப்புறப்படுத்தி முடிக்க அந்த ஐந்நூறு காணாது என்றார்கள் தோப்புக்காரர்கள்.

பொங்கல் கழிந்து ஒரு சிறு குழுவாகப் புறப்பட்டோம். அப்போது பினாங்கிலிருந்து நேர் விமானம் கிடையாது. கோலாலம்பூர் போய்த் திருச்சிக்கு ஏற வேண்டும். ரம்பத்தை அங்கேயே வாடகைக்குப் பிடித்தோம். கிராமத்துக்குள் நுழைந்ததும் மாலை, பொன்னாடை, படம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மண்டோர் அண்ணனின் வேலை தொடங்கியது. சாய்ந்த மரங்களை எண்ணிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம் நாங்கள். அவரோ மழையில் ஊறிக் கிடந்த ஒரு தண்டைக் கடப்பாரையால் நெம்பிப் பிளந்து பார்த்தார்.

"ஐயா, புதுக் கன்று எப்ப வைக்கப் போறீங்க?"

"மழைக்கு முன்னாடி வச்சிரணும் தம்பி."

"இந்தக் கட்டைய இப்படியே போட்டுட்டு வச்சீங்கன்னா, அத்தனையும் வண்டுக்குத்தான்."

காண்டாமிருக வண்டைத்தான் சொன்னார். மட்கும் மரத்தண்டிலும் எருக்குழியிலும் முட்டையிடும். புழு அங்கேயே தின்று பருக்கும். வளர்ந்த வண்டு பறந்துபோய்த் தென்னங்குருத்தைத் துளைக்கும். பெரிய மரம் ஓரளவு தாங்கும், இளங்கன்று தாங்காது. புயல் ஒரே இரவில் போய்விட்டது. அது விட்டுப்போன தண்டுகளோ அடுத்த சில ஆண்டுகளுக்கு வண்டுப் பண்ணையாக இருக்கும்.

இது அவருக்கு எப்படித் தெரியும்? மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் மறுநடவின் முதல் எதிரி இதே வண்டுதான். பழைய மரங்களை எரிக்கக் கூடாது என்ற விதி 1990களில் இறுகிய பிறகு, தண்டுகளை மெல்லிய சில்லுகளாகச் சீவிப் பரப்பி, மேலே மூடுபயிர்க் கொடியை ஏற்றிவிட்டு, இனக்கவர்ச்சிப் பொறி வைத்து வண்டைப் பிடிக்கும் முறையைத் தோட்டங்கள் கைக்கொண்டன. பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையும் பயன்படுகிறது. அந்த வேலையில் தோல் கறுத்தவர் அவர். முழுத் தண்டாகக் குவித்து வைக்காதீர்கள், துண்டு போட்டுச் சீவிப் பரப்புங்கள், சீக்கிரம் காயட்டும் என்று காட்டிக் கொடுத்தார். பதிலுக்கு அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வைத்தியத்தைக் காட்டினார்கள்: வேப்பங்கொட்டைத் தூளோடு மணலைக் கலந்து குருத்தோர மட்டை இடுக்கில் இடுவது, ஆமணக்குப் புண்ணாக்குக் கரைசலை மண்பானையில் ஊற்றித் தோப்பில் புதைத்து வண்டை விழவைப்பது. அண்ணன் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார். கொடுக்கப் போனவர் வாங்கிக்கொண்டும் வந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இந்த வண்டுக்கும் கடல் கடந்த பயணக் கதை உண்டு. 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு ஒட்டிக்கொண்டு பசிபிக் தீவான சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தென்னையைச் சூறையாடியது. அரை நூற்றாண்டு கழித்து, 1963இல், ஹூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் மலேசியாவில் இந்த வண்டின் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். 1967இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். வண்டின் கொட்டம் அடங்கியது. கன்று கொண்டுபோனவர்கள் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் கூடையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பின்னால் வந்தவரோ வண்டு வாழும் ஊரில் உட்கார்ந்து, அதற்கு எது பகை என்று தேடினார். ஊர்விட்டு ஊர் போய் உதவுவதில் நல்ல மனசு பாதி வேலையைக்கூடச் செய்வதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

இன்றும் பள்ளி விடுமுறை வந்தால் நம் பிள்ளைகள் கம்போடியாவுக்கும் நேப்பாளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சேவைப் பயணம் போகிறார்கள். சுவருக்குச் சாயம் பூசுகிறார்கள், குழந்தைகளோடு பாடுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். போகாதே என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார் என்கிறேன். ஒருவர் போய்வரும் விமானச் செலவில் அங்கே நூறு தென்னங்கன்றுக்குக் குறையாமல் வாங்கலாம். அந்த நூறு கன்றைவிட நம் உடம்பு அங்கே இருப்பது அதிகம் பயன்படுமா? மண்டோர் அண்ணன் போனதற்கு ஆம் என்பேன். நான் போனதற்கு, ரம்பம் அறுத்த கட்டையை இழுத்துப் போட்ட அளவுக்கு ஆம் என்பேன். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

2024 டிசம்பர் முதல் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரே பறக்கலாம். போவது எளிதாகிவிட்டதால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. என்ன வேண்டும் என்று அந்த ஊர் விவசாயியிடம் கேட்டீர்களா? உங்கள் விடுமுறை அவருடைய நடவுக்கு ஒத்துவருகிறதா? நீங்கள் திரும்பிய பிறகு கன்றுக்குத் தண்ணீர் விட, வண்டைப் பார்க்க, ஐந்து ஆண்டுக்கு அங்கே ஆள் இருக்கிறதா? இருக்கிறது என்றால் போங்கள், கையில் ஒரு தொழிலோடு போங்கள். இல்லையென்றால் டிக்கெட் பணத்தை அனுப்புங்கள். அதையும் விசாரித்து அனுப்புங்கள்: இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெற எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு வரும் வேலை அல்ல. அப்படி அனுப்பினால் உங்களுக்கு மாலை விழாது, படமும் வராது. அந்தக் குறையைத் தாங்க முடிந்தவர் செய்வதுதான் சேவை.