லடாக்குக்குப் போன வளை

திருவள்ளூரில் இருந்த என் அத்தைக்கு வலது கையில் இரண்டு வளை, இடது கையில் ஒன்றுதான். "இன்னொன்று எங்கே அத்தை?" என்று கேட்டால், "அது லடாக்குக்குப் போயிருக்கிறது" என்பாள்.

1962 அக்டோபர் 20-ஆம் தேதி சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் புகுந்தன. நவம்பர் 21-இல் சீனாவே போர் நிறுத்தம் அறிவித்துவிட்டது. ஒரு மாதம்தான், அதற்குள் நம் ஜவான்கள் பட்ட பாடு! குளிருக்குத் தக்க உடுப்புக்கூட இல்லாமல் பலர் மலை உச்சியில் நின்றார்கள். அதைக் கேட்டபின் நம் பெண்களால் சும்மா இருக்க முடியுமா? வெயிலுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்து அத்தை கம்பளி பின்னக் கற்றுக்கொண்டாள். முதல் ஸ்வெட்டருக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "எந்தப் புண்ணியவான் போட்டுக்கொண்டானோ!" என்று பிற்பாடு சிரிப்பாள்.

தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பணத்தோடு தங்கமும் வந்து குவிந்தது. வெளிநாட்டு ஆயுதம் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். சர்க்காரிடம் அது கொஞ்சம். தங்கமோ வீட்டுக்கு வீடு பெட்டிக்குள் கிடந்தது. அத்தை யாரையும் கேட்காமல், பிறந்த வீட்டில் போட்ட வளை ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். மாமியார் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

1965 யுத்தத்தின்போது நடிகை சாவித்திரி, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் தம் நகைகளைக் கொடுத்ததை ஊரே பேசிற்று. அத்தையின் வளையைப் பற்றி யார் பேசினார்கள்? உணவுப் பஞ்சத்தை முன்னிட்டு, வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடும்படி சாஸ்திரி கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை இரவு பல ஓட்டல்கள் அடுப்பை அணைத்தன. சோமவார விரதம் பழகிய நம் பெண்களுக்கு அது ஒரு பெரிய காரியமா, என்ன!

ஆனால் சகோதரிகளே, கொடுத்தவர்கள் வரிசையில் நாம் சேர்க்க மறந்த ஒருவர் உண்டு. அந்த வளையைச் செய்த பத்தர். தங்க மோகத்தையும் கள்ளக் கடத்தலையும் ஒடுக்க வேண்டுமென்று 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது! 22 காரட்டில் தாலி செய்தே பழகிய கை என்ன செய்யும்? நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் தவித்துப்போயின. நாம் மனம் உவந்து கொடுத்தோம், கைதட்டலும் கிடைத்தது. அவர்களை யாரும் கேட்கவே இல்லை, பிழைப்பையே எடுத்துக்கொண்டார்கள். அத்தை தெருப் பத்தர் பட்டறையைப் பூட்டிவிட்டு, மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினார்.

14 காரட் தடை 1966-இல் நீங்கிற்று. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-இல் ரத்தாயிற்று.

தடை நீங்கி உலை மூட்டியதும் பத்தர் அத்தையிடம் வந்தாராம். "அந்த ஜோடி வளையைச் செய்து தருகிறேன் அம்மா, கூலி வேண்டாம்" என்றாராம். அத்தை சம்மதிக்கவில்லை. மூக்குத்தியின் திருகாணியைக் கழற்றிச் சரிசெய்யக் கொடுத்தாள். கேட்ட கூலிக்கு மேல் ஒரு ரூபாய் வைத்தாள்.