நோய்க்கு எண் உண்டு; தமிழ்ப்பெயர் இல்லையா?

தமிழன் வயிற்றில் வந்த நோயைத் தமிழனிடமிருந்தே மறைக்கும் வேலை நம் மருத்துவமனைகளில் நாள்தோறும் நடந்து வருகின்றது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நடைமுறை'.

அபிராமபுரத்தையே எடுத்துக்கொள்வோம். (ஊர்ப்பெயரிலேயே வடசொல் குந்தியிருக்கின்றது, அதை வேறொரு நாள் பார்ப்போம்.) அங்கே முதியவர் ஒருவர்க்கு இடப்பக்க அடிவயிற்றில் வலி, காய்ச்சல். அகவை முதிர்ந்தோர் பலர்க்குப் பெருங்குடற் சுவரின் வலுவிழந்த இடங்கள் சிறுசிறு பைகளாக வெளியே பிதுங்கி நிற்கும். இவர்க்கு அப்பைகளுள் ஒன்று அழன்று துளைபட்டு, அருகே சீழ் கட்டிவிட்டது. மருத்துவமனையில் கிடந்து மீண்டு வீடு வருகிறார். கையில் ஒரு தாள். அதில் 'கே 57.2' என்று ஒரு குறியெண். பக்கத்தில் இரண்டு வரி ஆங்கிலம். காய்ச்சல் மீண்டாலோ வயிறு கல்லாய் இறுகினாலோ உடனே திரும்பி வருக என்னும் எச்சரிக்கையும் ஆங்கிலத்திலேயே! உயிர்காக்க எழுதிய வரியை உயிர்க்குரியவன் படிக்கவியலாமல் எழுதுவது எந்த நாட்டு மருத்துவ அறம்?

குறியெண்ணின்மேல் நமக்குப் பகையில்லை. பாரிசு நகரத்துப் பெர்த்தியோன் என்பார் தொகுத்த இறப்புக் கரணியப் பட்டியலைப் பன்னாட்டுப் புள்ளியியல் கழகம் 1893இல் சிக்காகோவில் ஏற்றது. 1948இல் அப்பணி உலக நலவாழ்வு நிறுவனத்தின் கைக்கு வந்து, நோய்களும் அதனுள் அடங்கின. இன்று நம் நாட்டுக் காப்பீட்டுப் படிவங்களில் வழங்கும் பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. அதில் 'கே' என்பது செரிமான உறுப்பு நோய்களின் இயலுக்கு உரிய எழுத்து. குடலுக்கோ வயிற்றுக்கோ உரிய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தா அது? அன்று, வெறும் வரிசையெழுத்து! 57 என்பது இப்பிதுக்கப்பை நோய். புள்ளிக்குப் பின் 2 வந்தால் பெருங்குடலில் துளையோ சீழ்க்கட்டியோ உண்டு. 3 வந்தால் அவை இல்லை. ஆகவே எண் எம்மொழிக்கும் உரியதன்று. அதன் அருகே எழுதும் பெயரை அவரவர் மொழியில் எழுதிக்கொள்ளத் தடையேதும் இல்லை. சீனரும் அரபியரும் உருசியரும் அப்படித்தான் எழுதிக்கொள்கின்றனர்.

அந்த ஓர் எண்ணில் அடங்கியிருப்பது சிறு செய்தியன்று. சிக்கலற்ற அழற்சி பெரும்பாலும் மருந்தோடு தணியும். சிக்கலுற்றதை 1978இல் இஞ்செ முதலிய அறுவை மருத்துவர் நான்கு படிகளாகப் பகுத்தனர்: குடலை ஒட்டிய சீழ்க்கட்டி, தொலைவில் இடுப்பறை வரை சென்ற சீழ்க்கட்டி, வயிற்றறை முழுதும் பரவிய சீழ், வயிற்றறைக்குள் கொட்டிய கழிவு. கடைப்படிகளில் கத்தியன்றி வேறு வழி பெரிதும் இல்லை. காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தின் இரண்டாம் பகுதியில் மருத்துவமனை இக்குறியெண்ணை நிரப்புகிறது. முதற்பகுதியில் நோயாளி கையொப்பம் இடுகிறார். தம் வயிற்றைப் பற்றி என்ன எழுதினர், 2 என்றா 3 என்றா என்று அறியாமலே!

இதே சென்னையில் பல்லாயிரம் தமிழிளைஞர் அமெரிக்க நோயாளிகளின் ஏடுகளைப் படித்துக் குறியெண் இட்டுப் பிழைக்கின்றனர். 2015 முதல் அந்நாட்டில் வழங்கும் விரிவுப் பட்டியலில் 57.20 என்றால் குருதிப்போக்கு இல்லை, 57.21 என்றால் உண்டு, வயிற்றறை அழற்சியும் சேர்ந்தால் கே 65 உடன் எழுதவேண்டும் என்று உறக்கத்திலும் ஒப்புவிப்பர். அவ்விளைஞரை நாம் குறை கூறோம், வயிற்றுப்பாடு. ஆனால் கடல்கடந்தவன் குடலை இத்துணை நுட்பமாய் அறிந்த பிள்ளை, தன் தாயின் குடல்நோய்க்குத் தமிழ்ப்பெயர் கேட்டால் விழிக்கிறானே, அவனை அப்படி வளர்த்த கல்வியை என்னென்பது?

"தமிழில் சொல் ஏது?" என்பர். 'டைவர்ட்டிகுலம்' என்று அவர்கள் முழங்கும் இலத்தீனச் சொல்லின் பொருள் என்ன தெரியுமா? கிளைவழி! உரோமானியன் தெருவில் வழங்கிய சொல். அவன் தெருச்சொல் அறிவியலாகலாம். நம் 'பிதுக்கம்' ஆகாதோ? மிதிவண்டிக் குழாய் புடைத்து நிற்கக் கண்ட எவர்க்கும் 'பிதுக்கப்பை' விளங்கும். 'துளையும் சீழ்க்கட்டியும் கூடிய பெருங்குடற் பிதுக்கப்பை நோய்' — கே 57.2 முழுவதும் இதனுள் அடங்கிற்று.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் அறுவை நூலைத் தமிழில் வெளியிட்டார். நூற்பெயரில் தமிழில்லை என்பது வேறு. வேற்றுநாட்டான் செய்தான் என்பதே செய்தி. 2022இல் போபாலில் இந்தியில் மருத்துவப் பாடநூல்கள் மூன்றை வெளியிட்டனர். ஆங்கிலச் சொல்லையே நாகரி எழுத்தில் பெயர்த்த நூல்கள்தாம், ஆயினும் வெளியிட்டனர். 1956இலேயே ஆட்சிமொழிச் சட்டம் செய்த தமிழ்நாட்டில், நோயாளி வீட்டிற்குக் கொண்டுசெல்லும் ஒரு தாள் தமிழில் இல்லை.

தமிழ்நாட்டரசு மருத்துவரையும் தமிழறிஞரையும் ஒருங்கே அமர்த்தி, நோய்ப்பட்டியல் முழுவதையும் தமிழாக்குதல் வேண்டும். 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்திற்கு நாடு மாறுமுன் அது முடிதல் நன்று. குறியெண், தமிழ்ப்பெயர், தமிழில் எச்சரிக்கை ஆகிய மூன்றும் இன்றி அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ எந்நோயாளியையும் வீட்டிற்கு அனுப்பலாகாது என ஆணையிடல் வேண்டும். அதுவரை, அன்பர்களே, உங்கள் வீட்டார்க்காகப் படிவத்தில் கையொப்பம் இடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: "ஐயா, இந்த எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்? இதன் கீழே எழுதித் தாருங்கள்."