விலைச்சீட்டில் குடியிருக்கும் மந்திரம்

மந்திர ஆற்றலின் விலை என்ன? கேள்வி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. செபோரா என்னும் ஒப்பனைப் பொருள் அங்காடிகளில் பின்ரோஸ் என்னும் நறுமண நிறுவனத்தின் பெட்டி ஒன்று விற்பனைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. சூனியக்காரியாகத் தொடங்குவோர்க்கான பெட்டி என்பதே அதன் பெயர். நறுமண நீர் மாதிரிகள், ஒரு டாரோ சீட்டுக்கட்டு, புகையிடுவதற்கான சேஜ் மூலிகைக் கட்டு, இளஞ்சிவப்புப் படிகக்கல் ஒன்று. எல்லாம் சேர்த்து 42 டாலர்.

பெட்டி கடைக்கு வரவில்லை. எதிர்ப்பு எழுந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் யார் என்பதுதான் நம் சிந்தனைக்குரியது. சூனியத்தையே தம் சமயமாகக் கொண்டவர்கள், தங்கள் வழிபாடு ஒப்பனைச் சரக்காவதைக் கண்டு வெகுண்டனர். சேஜ் புகையைப் புனிதமாகப் போற்றும் அமெரிக்கத் தொல்குடியினர், தங்கள் முன்னோரின் சடங்கு களவாடப்படுவதாக வருந்தினர். நாமோ, அது வெறும் விளையாட்டுப் பொருள் என்று எண்ணிக் கடந்து போயிருப்போம். அந்த அலட்சியத்தையே இக்கட்டுரையில் நாம் எதிர்க்க விரும்புகிறோம்.

இன்றைய மாயவித்தைச் சந்தைக்காக வாதாடுவோர் இரு வகையினர். "இது வெறும் நாகரிகம், இதை யார் நம்புகிறார்கள்?" என்பர் ஒரு சாரார். "இது பழம்பெரும் ஞானம், பிரபஞ்ச ஆற்றல்" என்பர் மறு சாரார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றும். உண்மையில் அவை ஒரே கடையின் இரு வாயில்கள். நம்புகிறவன் ஒரு வாயில் வழியாகவும், நம்பாதவன் மறு வாயில் வழியாகவும் உள்ளே வருகிறான். பணம் செலுத்தும் இடம் ஒன்றே. நாகரிகம் என்பது மந்திரத்தின் மேல் போர்த்திய ஆடை அன்று. அதுவே மந்திரத்தை இயக்கும் ஆற்றல் என்பது நம் துணிபு.

இது நம் கற்பனை அன்று. மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், என்றி உபேர் என்பவருடன் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மந்திரத்தைப் பற்றி ஓர் ஆய்வு எழுதினார். மந்திரவாதியின் வலிமை அவன் கையிலோ, வாயிலோ, கருவியிலோ இல்லை. அவனைச் சூழ்ந்துள்ள சமுதாயத்தின் நம்பிக்கையில்தான் உள்ளது என்பது அதன் சாரம். 1975-இல் பியேர் பூர்தியு என்னும் சமூகவியலாளர், இவெத் தெல்சோ என்பவரோடு இணைந்து, இக்கருத்தைப் பாரிசின் ஆடைக்கடைகளுக்குக் கொண்டுவந்தார். ஓர் ஆடையில் புகழ்பெற்ற பெயர் தைக்கப்படுகிறது. நூலும் துணியும் மாறவில்லை. ஆனால் விலை பன்மடங்காகிறது. அணிபவரின் மதிப்பும் உயர்கிறது. இம்மாற்றத்தைச் சுட்ட, நற்கருணை பற்றி நம் மறையியலார் ஆளும் பொருள் மாற்றம் என்ற சொல்லையே பூர்தியு கடன் வாங்கினார். அச்சொல்லைக் கண்டு நாம் சினம் கொள்ளலாம்; ஆயினும் அவர் காட்டிய உண்மையை மறுக்க நம்மால் இயலாது.

கிறிஸ்தியன் டியோர் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1946-இல் பாரிசுத் தெருவில் நடந்து சென்றபோது அவர் காலில் ஓர் உலோக நட்சத்திரம் தட்டுப்பட்டது. அதை நற்குறியாகக் கொண்டே, பருத்தி ஆலை முதலாளி மார்செல் பூசாக்கின் பொருளுதவியோடு தம் பெயரில் ஆடை நிறுவனம் தொடங்கத் துணிந்தார். குறி சொல்லும் பெண்மணி ஒருவரைத் தொடர்ந்து நாடிவந்தார். நல்வாய்ப்புக்காக ஆடையின் ஓர மடிப்பில் லில்லி மலரைத் தைத்து வைப்பார். இவற்றையெல்லாம் ஒரு தனிமனிதரின் பலவீனம் என்று விட்டுவிடலாம். ஆனால் 1947 பிப்ரவரியில் அவர் தம் முதல் ஆடைத் தொகுப்பை வெளியிட்டபோது வேறொரு மந்திரம் வேலை செய்தது. போரினால் துணிக்கே பஞ்சம் நிலவிய காலம் அது. பிரித்தானியாவில் 1949 வரை ஆடைப் பங்கீடு நீடித்தது. அத்தகைய வேளையில், கெசம் கெசமாகத் துணியை விழுங்கும் பாவாடைகளை அவர் அறிமுகம் செய்தார். பாரிசின் லெப்பிக் தெருவில் அவ்வாடை அணிந்து வந்த பெண்ணை அங்கிருந்த ஏழைப் பெண்கள் சூழ்ந்து, ஆடையைக் கிழித்தெறிந்தனர்.

அந்தப் பெண்கள் மந்திரத்தைப் பற்றி எந்நூலும் படித்தவர்கள் அல்லர். எனினும் அது எப்படி இயங்குகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பிறர்க்குக் கிடைக்காது என்பதே அதன் ஆற்றல். அவர்கள் செய்த வன்முறையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் கண்ணில் பட்டது பொய் அன்று. 2021 சனவரியில், உலகமே பெருந்தொற்றில் தத்தளித்தபோது, அதே நிறுவனம் டாரோ சீட்டுகளைக் கருவாகக் கொண்ட ஆடைத் தொகுப்பை ஒரு திரைப்படமாகவே வெளியிட்டது. நிறுவனரின் அந்தரங்கப் பழக்கம் இப்போது நிறுவனத்தின் சரக்காகிவிட்டது.

"உண்மையான மறைபொருள் வித்தை இந்தக் கடைச்சரக்கு அன்று, அதன் வரலாறு தூய்மையானது" என்று சிலர் சொல்லக்கூடும். அத்தூய்மையையும் சற்றே பார்ப்போம். 1888-இல் இலண்டனில் பொன் விடியல் சபை என்னும் இரகசியச் சங்கம் தோன்றியது. ஏட்சு என்னும் பெருங்கவிஞரும் அதில் உறுப்பினர். அங்கே ஞானத்துக்குப் படிகள் உண்டு. படிதோறும் ஒரு பட்டம், ஒரு சடங்கு, ஓர் அணிகலன். 1900-ஆம் ஆண்டில் அலைஸ்டர் குரோலி என்னும் இளைஞருக்கு அடுத்த படியைத் தர இலண்டன் உறுப்பினர்கள் மறுத்தனர். பாரிசில் இருந்த தலைவர் மாத்தர்சு அப்பட்டத்தைத் தாமே வழங்கினார். பூசல் முற்றியது. அந்த ஏப்ரலில், இசுகாத்துலாந்து மலைநாட்டு உடையும் முகமூடியும் தரித்து, சங்கத்தின் அறையைக் கைப்பற்றக் குரோலி வந்தார். ஆவிகளை ஏவி ஆட்டிப்படைப்பதாகச் சொன்ன அந்த அறிஞர்கள், அவரை வெளியேற்ற யாரை அழைத்தனர் தெரியுமா? ஒரு காவலரை!

இதில் சிரிப்பதற்கு மட்டுமன்று, கற்பதற்கும் உண்டு. அவர்கள் எதற்காகப் போரிட்டார்கள்? மறைஞானத்துக்காகவா? இல்லை. யாருக்கு எந்தப் பட்டம், யார் எந்தப் படியில் என்பதற்காக. ஆவிகள் வந்தனவோ இல்லையோ, அந்தஸ்து அங்கே வந்து அமர்ந்திருந்தது. சூனியத்தின் ஆடையை உரித்தால் உள்ளே பேய் இருக்கும் என்று நாம் அஞ்சுகிறோம். பெரும்பாலும் அங்கே இருப்பது ஒரு நாற்காலி. அதில் யார் அமர்வது என்ற பழைய சண்டை.

வெறும் நாற்காலிச் சண்டையாயின் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இந்த மந்திரத்துக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். கூப் என்னும் அமெரிக்க நிறுவனம், திரைப்பட நடிகை ஒருவரின் புகழை முதலாகக் கொண்டு வளர்ந்தது. பச்சை மணிக்கல்லால் ஆன முட்டை ஒன்றை 66 டாலருக்கு விற்று, அது பெண்களின் உடலுக்கு நலன் தரும் என்று விளம்பரம் செய்தது. அதற்கு அறிவியல் சான்று இல்லை என்று கலிபோர்னியாவின் அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடுக்க, 2018-இல் அந்நிறுவனம் 1,45,000 டாலர் செலுத்த இசைந்தது. கல் அதே கல்தான். சாலையோரத்தில் ஒரு கிழவி விற்றிருந்தால் அதை யார் வாங்கியிருப்பார்? குணப்படுத்தும் ஆற்றல் கல்லில் இல்லை. விற்பவரின் முகத்தில் இருந்தது.

படிகக்கல்லின் மறுமுனைக்குச் சென்று பார்ப்போம். அன்பை ஈர்க்கும் என்று விற்கப்படும் இளஞ்சிவப்புக் கற்களில் ஒரு பகுதி மடகாசுகர் தீவின் மண்ணிலிருந்து வருகிறது. உலகின் மிக வறிய நாடுகளுள் அதுவும் ஒன்று. அங்கே பாதுகாப்புக் கருவி ஏதுமின்றி, கையால் தோண்டிய ஆழ்குழிகளில் மனிதர்கள் இறங்குகிறார்கள். சுரங்க வேலையில் சிறுவர்களும் ஈடுபடுத்தப்படுகிறார்கள். குழிக்குள் அது வெறும் கல். கப்பலேறி, துலக்கப்பட்டு, பட்டுத்துணியில் கிடத்தப்பட்டு, அழகிய கை ஒன்று அதைத் தொட்டபின்தான் அது அன்பின் கல்லாகிறது. தோண்டியவனுக்கு அந்த அன்பில் பங்கில்லை. அன்பின் பெயரால் விற்கப்படும் பொருளில் அன்பின் மறுப்பே அடித்தளமாக இருக்கிறதென்றால், இதைவிடக் கொடிய சூனியம் வேறென்ன?

கல்லை வாங்கும் இளைஞர்களை நாம் இகழவில்லை. தனிமையில் வாடும் ஒருவர் இரவில் சீட்டுக்கட்டை விரிக்கிறார். நாளை என்ன நேரும் என்று யாரிடமேனும் கேட்க அவருக்கு ஆசை. அவர் கேட்க வந்தபோது நம் கதவு திறந்திருந்ததா என்று நாம்தான் ஆன்மச் சோதனை செய்ய வேண்டும். நம் கண்டனம் அவருடைய ஏக்கத்தின்மேல் அன்று. அந்த ஏக்கத்துக்கு விலைச்சீட்டு ஒட்டுபவர்கள்மேல்.

இங்கே ஒரு நண்பர் நம்மை மடக்கலாம்: "உங்கள் ஆலயத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? பட்டாடை இல்லையா? பொற்கிண்ணம் இல்லையா?" கேள்வி நியாயமானது. 2018 மே மாதத்தில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், ஆடைக்கலையையும் கத்தோலிக்கக் கற்பனையையும் இணைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. வத்திக்கான் ஏறத்தாழ 40 திருவுடைகளையும் அணிகளையும் அதற்கு இரவல் தந்தது. தொடக்க விருந்துக்குப் பாடகி ரியான்னா, ஆயர்கள் அணியும் உயர்ந்த தலையணியைப் போன்ற ஒன்றைச் சூடி வந்தார். கர்தினால் ஒருவரும் அவ்விருந்தில் கலந்துகொண்டார். கண்காட்சியைக் கண்டோர் 16 இலட்சத்துக்கும் மேல். நாம் மகிழ்ந்தோமா, வருந்தினோமா? பலர் மகிழ்ந்தோம். உலகம் நம் ஆடையை வியந்ததே என்று பெருமைப்பட்டோம். அந்த வியப்பில் சிலுவைக்கு இடம் இருந்ததா என்று கேட்க மறந்தோம். நம் பொருள்களும் அந்தஸ்தின் மந்திரத்துக்கு எவ்வளவு எளிதில் இரையாகின்றன!

அருளடையாளத்துக்கும் மாயவித்தைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் உரசிப் பார்க்க வேண்டும். சமாரியாவில் சீமோன் என்னும் மாயவித்தைக்காரன் திருத்தூதர்களிடம் பணத்தை நீட்டினான். கடவுளின் கொடையை விலைக்கு வாங்கலாம் என்று எண்ணியதே அவன் பாவம். விலை வந்த இடத்தில் அருள் விலகுகிறது. பணத்துக்குப் புனிதத்தை விற்கும் குற்றத்துக்குத் திருச்சபை அவன் பெயரையே இட்டது. மாயவித்தை தகுதியைக் கேட்கும், அருள் தகுதியைக் கேட்காது. பண்ணையாருக்கும் அவர் வயலில் நாற்று நடுபவளுக்கும் ஒரே அப்பம், ஒரே அளவு. பொன்மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை தந்து ஏழையை நிற்க வைத்தவர்களை யாக்கோபு தம் திருமுகத்தில் கடிந்துகொண்டதன் காரணம் இதுவே. எந்தப் பங்கில் பெரிய காணிக்கை தந்தவருக்கு முன்வரிசையும் முதல் மாலையும் உண்டோ, அந்தப் பங்கு தன்னை அறியாமலே சீமோனின் கடையாகிறது.

எபேசு நகரில் மாயவித்தை செய்தோர் மனம் மாறித் தம் நூல்களைக் கொண்டுவந்து எரித்தனர். அவற்றின் மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக் காசு. அதே நகரில் அர்த்தமி தேவதைக்காகக் கலகம் செய்தவன் பூசாரி அல்லன். வெள்ளித் தட்டானான தெமேத்திரியு. தேவதைக்கு இழுக்கு என்று கூவினான். தன் தொழிலுக்கு இழப்பு என்று அஞ்சினான். நூலை எரித்தவர்கள் வாதத்தால் வெல்லவில்லை. இழப்பை ஏற்று வென்றார்கள்.

அந்த நியூயார்க் கண்காட்சியில் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் மும்முடியும் இருந்தது. ஏறக்குறைய 19,000 மணிகள் பதித்தது, பெரும்பாலும் வைரம். மக்கள் வரிசையில் நின்று அதைப் பார்த்தார்கள். அதே போன்ற இன்னொரு முடியின் கதையும் உண்டு. 1964 நவம்பர் 13 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியிருந்த வேளையில், திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் தமக்கு மிலான் மக்கள் அளித்த மும்முடியைக் கையில் ஏந்திப் புனித பேதுரு பேராலயத்தின் பலிபீடத்தில் வைத்தார். ஏழைகளுக்காக அதைக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பின் எந்தத் திருத்தந்தையும் முடி சூட்டிக்கொள்ளவில்லை.

அந்தஸ்தின் மந்திரத்தை முறிக்கும் வழி வேறெதையும் நாம் அறியோம். நாம் முதலில் நம் தலையிலிருப்பதைக் கழற்றி வைப்போம். அதன்பின் பிறர் கையிலுள்ள படிகத்தைப் பற்றிப் பேசுவோம்.